வடக்கு ஜன்னல்

“இந்த வெப்சைட் ஆறு நாளைக்கு முன்னாலதான் பதிவாகியிருக்கு. சொந்தக்காரர் பேரை மறைச்சு வெச்சிருக்காங்க” என்றார் பக்கத்து மேஜைக்காரர், அவனுடைய திரையை எட்டிப் பார்த்தபடி. எதையும் மோப்பம் பிடித்துவிடுவார் என்பதால் அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் அவருக்கு மூக்கர் என்று பெயர். “யாரு கேஸ் தம்பி இது?”

“ஒரு கிளையண்ட். பொண்டாட்டி மேல சந்தேகம்.”

“இந்த வெப்சைட் பேரு அவருக்கு எப்படிக் கிடைச்சதாம்?”

“அந்தம்மா டைரியில இருந்ததாம்.”

“தற்செயலாப் பார்த்தாரா, திருட்டுத்தனமா எடுத்துப் படிச்சாரா?” என்று சிரித்தார் மூக்கர். அவன் சிரிக்கவில்லை.

கிளையண்ட் என்று யாரும் இல்லை. டைரி அவன் மனைவியுடையது. அவள் கணக்கு டீச்சர். பள்ளியின் இணையதளத்தையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். போன வருடம் அவளுடைய போனை எடுத்து மெசேஜ்களைப் படித்து மாட்டிக்கொண்டபோது, இனி அவளுடைய எதையும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தான். இன்னொரு தடவை நடந்தால் சேர்ந்து வாழ்வதற்கில்லை என்று அவள் சொன்னாள். கத்தாமல் சொன்னாள். அதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆனால் துணிகளுக்கு அடியில் டைரியை வைப்பவள் எதையோ மறைக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

அவன் கம்பெனி சொந்தமாகச் செய்த கருவிக்குத் ‘துருவி’ என்று பெயர். ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் போதும். எப்போது பதிவானது, எங்கிருந்து இயங்குகிறது, அதைப் பற்றி யார் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்ததையெல்லாம் பத்து நிமிடத்தில் திரட்டித் தந்துவிடும். அந்தத் தளத்தின் பக்கம் மட்டும் போகாது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவன் நடத்தும் முதல் பாடமும் அதுதான்: கதவைத் தட்டாதே, அக்கம்பக்கத்தில் விசாரி.

‘வடக்கு ஜன்னல்’ என்ற அந்தப் பெயருக்கோ அக்கம்பக்கமே இல்லை. இணையத்தில் யாரும் எங்கேயும் அதைக் குறிப்பிட்டதில்லை என்று துருவி கையை விரித்தது.

“ரெண்டே பேர் வந்துபோறதுக்கு ஒரு வீடு. மூணாவது ஆளுக்கு விலாசமே தெரியாது. கெட்டிக்கார ஜோடி” என்றார் மூக்கர்.

பள்ளி அவளுக்குக் கொடுத்திருந்த வீட்டில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். அங்கே வடக்குப் பக்கம் வெறும் சுவர். அப்படியானால் இது யார் வீட்டு ஜன்னல்? ஒரு வாரமாக அவள் லேப்டாப்பை மூடிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருப்பதும், என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பதும் நினைவுக்கு வந்தன.

கை தானாக மவுஸுக்குப் போனது. தளம் திறந்தது. மூடிய ஜன்னல் ஒன்றின் படம். வேறு ஓர் எழுத்துக்கூட இல்லை.

மூக்கர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். “என்ன தம்பி, உள்ளேயே போயிட்டீங்க? வந்துபோன தடம் அங்க பதிஞ்சிருக்குமே.”

“பதியட்டும். அதை யாரு உட்கார்ந்து பார்க்கப் போறா?”

அப்போது மணி பதினொன்று பத்து.

அதற்குமேல் அவனுக்கு வேலை ஓடவில்லை. நாலு மணிக்கே தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வீட்டுக் கூடத்தில் பெரிய பெட்டி ஒன்று, ஜிப் இழுத்து மூடித் தயாராக நின்றது. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். நினைத்தது சரியாகப் போயிற்று.

“எங்க கிளம்பிட்ட?”

“நான் எங்கயும் போகல.”

“அப்ப அவன் இங்க வர்றானா?”

“எவன்?”

“வடக்கு ஜன்னல்” என்றான் அவன், ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி. அவள் முகத்தில் திடுக்கிடலைத் தேடினான். அகப்படவில்லை. ஆறு நாள் கணக்கு, மறைத்து வைத்த பெயர், மூன்றாவது ஆளுக்குத் தெரியாத விலாசம் என்று துருவி தந்ததையும் மூக்கர் தந்ததையும் சேர்த்துக் கொட்டினான். தப்பாகப் போட்ட கணக்கை மாணவன் முழுவதும் சொல்லி முடிக்கட்டும் என்பதுபோல அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டாள்.

பிறகு எழுந்து, பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். ஜிப்பின் ஓரத்தில் ஒரு சட்டைக் கை சிக்கி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவனுடைய நீலச் சட்டை.

“பதினொண்ணு பத்துக்கு உங்க ஆபீஸ்லேருந்து யாரோ வந்து பார்த்ததா பதிவாகியிருந்தது. நீங்களா இருக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் பெட்டியை அடுக்கினேன்.”

“அப்ப அந்த வெப்சைட்...”

“நான்தான் பதிவு பண்ணினேன்” என்றாள் அவள். “அந்தப் பேரை என் டைரியில மட்டும்தான் எழுதினேன்.”