சம்மந்தியோடு ஓர் ஆட்டம்

“இதவிடக் கூடுதலா பந்து சுத்துற மட்டை இருக்கா, மக்கா?”

ததேயுஸ் இப்படிக் கேட்டதும், நாகர்கோவிலில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் ஆபேல் தலையைச் சொறிந்தான். மேசைமேல் ஏற்கெனவே நான்கு டேபிள் டென்னிஸ் மட்டைகள் கிடந்தன. கண்ணாடி அலமாரியைத் திறந்து இன்னொன்றை எடுத்தான். அதன் ரப்பரில் பந்தை அழுத்தி வைத்து, மட்டையைத் தலைகீழாகத் திருப்பினான். பந்து ஒரு கணம் ஒட்டி நின்று, பிறகுதான் விழுந்தது.

“இதான் கடேசி. ஆனா அண்ணாச்சி, உள்ளதச் சொல்லிருகேன். இது நீங்க அடிக்கிற பந்தையும் சுத்தும், எதிராளி சுத்தி விடுறதையும் அப்படியே வாங்கும். பழகாத கைன்னா பந்து எங்க போவும்னு பந்துக்கே தெரியாது. உங்க பழைய புள்ளி ரப்பர் மட்டை அப்படியில்ல. அவன் எப்படிச் சுத்தி விட்டாலும் சும்மா தட்டிப் போட்டுரும்.”

“இது பழக எத்தன நாளாவும்?”

“ஆறு மாசமாவது வேணும்.”

“ஆட்டம் இந்த ஞாயித்துக்கிழமை.”

“அப்ப இது வேண்டாம், அண்ணாச்சி.”

“கட்டிக் குடு.”

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி செசிலிக்குப் பொறுக்கவில்லை.

“ஆபேலு, நீயாவது இவருக்குப் புத்தி சொல்லு. ஈஸ்டருக்கு மணவாளக்குறிச்சிக்கு மகளப் பாக்கப் போன எடத்துல, சம்மந்தி சிலுவைய அவரு ஊர்க்காரங்க முன்னால வச்சே தோக்கடிச்சாரு. அதுலருந்து அந்த மனுசன் போன எடுக்கல்ல. சிந்தியாவுக்கு இப்ப ஏழு மாசம். தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரணும்னு கேட்டு விட்டா, ‘மொதல்ல ஒரு ஆட்டம் ஆடட்டும், பொறவு பேசுவோம்’னு சொல்லி விட்டிருக்காரு. பொண்ணக் குடுத்த வீடு. இவரு என்னடான்னா ஆயுதம் வாங்குகாரு.”

ஆபேல் தயங்கினான். “ஒரு நாலஞ்சு பந்த வேணும்னே வலையில அடிச்சா என்ன கொறஞ்சா போவும், அண்ணாச்சி?”

ததேயுஸ் நிமிர்ந்து நின்றார்.

“எங்க வீட்டுல எவனும் கள்ள ஆட்டம் ஆடினதில்ல. எங்கப்பாவும் ஆடல்ல, நானும் ஆட மாட்டேன். ஒவ்வொரு பந்துக்கும் உசுரக் குடுத்துத்தான் ஆடுவேன்.”

“மக வயித்தப் பாக்காண்டாமா? வறட்டு கௌரவம் பேறுகாலம் பாக்குமா?”

“நீ சும்மா இரி, செசிலி.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சம்மந்தி ஊர்ப் பங்கு மன்றத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ததேயுஸ் சொன்னபடியே ஆடினார். சட்டை தொப்பலாக நனைந்தது. எட்டாத பந்துக்கும் பாய்ந்தார். ஆனால் சம்மந்தி சிலுவை சுழற்றி விட்ட பந்து புது மட்டையில் பட்டதும், ஒன்று மின்விசிறிக்குப் போனது, ஒன்று பங்குத்தந்தையின் மடிக்குப் போனது. மேசைக்கு வந்தவை குறைவு. எல்லா செட்டும் சிலுவைக்கே.

சிலுவைக்கு முகமெல்லாம் பல். “என்னவே சம்மந்தி, வயசாயிட்டோ? சரி, விடும். பிள்ளத்தாச்சியப் பஸ்சுல கொண்டு போவாண்டாம். நம்ம கார்லயே கூட்டிட்டுப் போவும்.”

கார் ததேயுஸின் ஊரான கடியப்பட்டணத்தை நோக்கித் திரும்பியது. முன்னிருக்கையில் சிந்தியா கண்ணயர்ந்திருந்தாள். பின்னால் செசிலி கணவனின் காதருகே சாய்ந்தாள்.

“மக வந்தது சந்தோசந்தான். ஆனாலும் மனசு கேக்கல்ல. சொன்னா கேட்டாத்தானே? பழைய மட்டையோட போயிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பிய.”

“ஜெயிச்சிருப்பேன்” என்றார் ததேயுஸ், மகள் எழுந்துவிடாதபடி குரலைத் தாழ்த்தி. “அந்தப் பயத்துலதான் இத வாங்கினேன்.”