அவளுக்குப் பிடித்த டெஸ்க்டாப்

கணினியின் லினக்ஸ் இயங்குதளத்தில் எந்த டெஸ்க்டாப், அதாவது திரைத் தோற்றம், நல்லது என்று அந்த வீட்டில் நாலு மாதமாக மல்லுக்கட்டு. கணவனுக்கு கேடிஇ. மின்னும் ஜன்னல்கள், நிழல்கள், நூறு நிறங்கள். மனைவிக்கோ பழைய, மொட்டையான 'மேட்' டெஸ்க்டாப்தான் வேண்டும்.

"உங்க அலங்காரமெல்லாம் எனக்கு எதுக்குங்க? மேட்ல எந்த கீயை அழுத்தினா எது வரும்னு என் விரலுக்கே தெரியும்."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. அப்புறம் நீயே கேடிஇயை விடமாட்டே."

பிடித்தால் ஒரே பிடி. ஒருநாள்கூட அவன் இறங்கி வந்ததில்லை.

இன்று வெளியே போய்விட்டு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளுடைய கணினியின் முன் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"மேட் போட்டுட்டேன். வா, உட்காரு."

அவள் மேசை விளிம்பைத் தடவித் தடவி வந்து நாற்காலியில் அமர்ந்தாள். ஒரு கீயை அழுத்தினாள். திரையில் இருந்ததையெல்லாம் கணினி உரக்கப் படித்துக் காட்டியது.

"என் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு டாக்டர் என்ன சொன்னார்?"

"மூணு மாசத்துல பார்வை வந்துடும்னார்." வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வரியை ஒப்பித்தான்.

அவள் விரல்கள் அப்படியே நின்றன.

"வராதுன்னுதானே சொன்னார்? இல்லேன்னா நீங்க மேட் போட்டிருக்க மாட்டீங்க."