எண்பத்தெட்டாம் பக்கம்

"மூணு வாரமா காதுல ஹெட்போன். கேட்டா வேலைங்கிறா. இன்னைக்கே ஒரு முடிவு பண்ணிடுங்க, டங்கன்."

ஹேமிஷ் இதைச் சொன்னபோது மெரேனியா எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. முகத்துக்கு நேரேதான் குத்துவான். அதிலே அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நிலநடுக்கத்தில் கட்டடம் எப்படி ஆடும் என்று கணக்குப் போடும் மென்பொருள் செய்கிற சின்ன அலுவலகம். வெலிங்டனில் அதற்குக் கிராக்கி இல்லாமல் போகுமா? மென்பொருளின் கையேடு மூன்று மணிக்கு வெளியாக வேண்டும். மெரேனியாவின் ஒப்பந்தமும் இன்றோடு முடிகிறது. அதை நீட்டிக்கும் தாள் தலைவர் டங்கன் பெட்ரீயின் முன்னால் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

"ஃபார்முலா எல்லாத்தையும் படமா ஒட்டி வெச்சிருந்தோம். பார்க்க அழகா இருந்துச்சு. இவ முந்நூறையும் பிடுங்கிட்டு மறுபடி எழுத்துல அடிக்கிறா. எதுக்குன்னு கேளுங்க!"

"கண்ணால படிக்க முடியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் வாசிச்சுக் காட்டும்," என்றாள் மெரேனியா. "எழுத்தா இருந்தா முழுசா வாசிக்கும். படமா இருந்தா 'படம்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தாண்டிப் போயிடும். ஒவ்வொண்ணையும் வாசிக்க விட்டுக் கேட்டுத்தான் சரி பார்த்தேன்."

"டங்கனைப் பாரு. ஒரு பக்கத்தை ஒரே நிமிஷத்துல பார்த்து 'சரி'ன்னு போடறார். உனக்கு மூணு வாரம்!"

"எண்பத்தெட்டாம் பக்கத்துல தப்பு இருக்கு, ஹேமிஷ்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"வர்க்கமூலக் கோடு பாதியிலேயே நின்னுடுச்சு. நிறைக்கு மட்டும்தான் மூலம். விறைப்பு வெளியே நிக்குது. இதை நம்பிக் கணக்குப் போட்டா கட்டடத்தோட ஆட்டமே தப்பா வரும். போன பதிப்பு இப்படியேதான் வெளியே போயிருக்கு."

ஹேமிஷ் கடித்துக்கொண்டிருந்த சீஸ் ஸ்கோன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினான். முகம் வெளுத்தது.

"நான் போட்ட படம்தான்," என்றான். பிறகு மெதுவாக, "ஆனா 'சரி' போட்டது டங்கன்."

டங்கன் அந்தக் காலத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் விடாத மனிதர். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"மெரேனியா, காதால கேட்டு இந்தக் கையேட்டைப் படிக்கிற ஒரே ஒரு ஆள் பேரைச் சொல்லு. இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா எண்பத்தெட்டை மட்டும் திருத்திட்டு, மத்ததெல்லாம் பழைய படமாவே போகட்டும்."

மெரேனியா மேசையையே பார்த்தாள்.

"பேர் தெரியும். சொல்ல மாட்டேன்."

"வேலையே போகப் போகுது, இன்னும் என்ன வீராப்பு?" என்றான் ஹேமிஷ். "தெரிஞ்சா சொல்லித் தொலையேன்!"

"அது அவங்களா சொல்ல வேண்டிய விஷயம்."

மணி இரண்டு ஐம்பது. ஜன்னல் கண்ணாடியைக் காற்று ஓயாமல் உலுக்கிக்கொண்டிருந்தது. டங்கன் கையை நீட்டினார்.

"அந்த ஹெட்போனைக் கொடு."

அவள் எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். கம்ப்யூட்டரின் குரல் அவர் காதில் நிதானமாகச் சொன்னது: "இரண்டு பை. வர்க்கமூலம் தொடக்கம். நிறை வகுத்தல் விறைப்பு. வர்க்கமூலம் முடிவு."

அவர் இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பேனாவை எடுத்தார். கையெழுத்து, போட வேண்டிய கோட்டுக்கு நாலு விரல் தள்ளி விழுந்தது.

ஹேமிஷ் விடவில்லை. "பேர் சொல்லாமலேயே போட்டுட்டீங்களே?"

"பேர்தானே? எழுதிக்கோ. டங்கன் பெட்ரீ. அன்னைக்கு எண்பத்தெட்டாம் பக்கத்துல என் காதுல விழுந்தது 'படம்'ங்கிற ஒரு வார்த்தைதான். அதுக்குத்தான் 'சரி' போட்டேன்."