கண்ணில் ஒட்டிய பனி

கொளஞ்சிநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சூளைக்குள் நெருப்பு செம்மஞ்சளிலிருந்து இளமஞ்சளுக்கு மாறும்போது பர்னரை அணைத்தாக வேண்டும். முந்தினால் பொம்மைகளின் பூச்சு உருகாது, பிந்தினால் நானூறு பொம்மையும் இளகிச் சாய்ந்துவிடும். சூட்டை அளக்கும் மீட்டர் நேற்றே பழுதாகிவிட்டது. இன்றைக்கு அவர் கண்தான் மீட்டர். நெருப்பின் நிறம் சரியாகத் தெரிய, கடைசி அரைமணி நேரம் வெயிலைக்கூடப் பார்க்கக் கூடாதென்று இருட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கேதான் வண்ணம் தீட்டும் துர்கா செல்போனைச் செங்கல்லில் சாய்த்துப் படம் பார்க்கிறாள். "சத்தமே வரலியே, ஸ்பீக்கரு போச்சா?" "ஊமைப்படம்ண்ணே. பனியப் பாருங்க, சூடு தெரியாது." திரை முழுக்க வெள்ளை. நாய்கள் இழுக்கும் வண்டிக்கு அடியில் பனிக்கட்டி பிளக்கிறது. நாய்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, கேட்பதோ பர்னரின் இரைச்சல். விளிம்பில் ஒருவன் விரல்களால் தொங்குகிறான். கொளஞ்சிநாதன் இமைக்கவில்லை. திடுக்கென்று சூளை நினைவு வந்து ஓடுகிறார், பார்வைத் துளையை அடைத்த கல்லை இழுக்கிறார். உள்ளே வெள்ளை. நெருப்பா, பனியா? கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினால் சுவரிலும் அதே வெள்ளை மிதக்கிறது. பர்னர் வால்வைப் பிடித்தபடியே கூப்பிடுகிறார். "துர்கா, ஓடியா! மஞ்சளா, செவப்பா, சட்டுனு பாத்துச் சொல்லு." அவள் குனிந்து பார்க்கிறாள், நிமிர்ந்து அவரையே பார்த்து விழிக்கிறாள். "நானும் அதே பனியத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்ண்ணே?"