லியாங்குக்கு ஒரு பெர்மிட்

“ஏலே, ஜீப் வருது! ரூமுக்கு நாலு பேரு போக மிச்ச ஆளுக எல்லாம் காட்டுக்குள்ள ஓடுங்க!”

ஃபோர்மேன் கருப்பணன் குரல் கொடுத்த அரை நிமிடத்தில் அந்த ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலை ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஒரு அறையில் நாலு பேர்தான் வேலை செய்யலாம் என்பது சட்டம். 2006 தீபாவளிக்கு இரண்டே மாதம்தான் இருக்கிறது என்பது நடப்பு. ஜீப் தலை தெரிந்தால் கூடுதல் ஆட்கள் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் போய்விடுவார்கள். பத்து வருடமாக எந்த அதிகாரியிடமும் மாட்டாதவர் என்ற கர்வம் கருப்பணனுக்கு உண்டு.

இன்றைக்கு ஒரு தலை கூடுதல். காகிதக் குழாய் சுற்றும் புது மெஷினோடு சீனாவிலிருந்து வந்திருந்த லியாங்.

காலையில் விருதுநகர் கிளம்பும்போதே முதலாளி சங்கரலிங்கம் புலம்பிவிட்டுத்தான் போனார்.

“லியாங் இங்கன தங்குறதுக்கு எஸ்.பி. ஆபீசுல பதிஞ்சு பெர்மிட் வாங்கணும்லே. இன்னைக்குத்தான் கடைசி நாளு. கிடைக்கலைன்னா மூட்டையைக் கட்டிர வேண்டியதுதான். அவரு போனா மெஷினும் படுத்துரும், சீசனும் போச்சு.”

பெர்மிட் இல்லாத ஆள். வருவதோ ஜீப். கருப்பணனுக்கு வேர்த்துவிட்டது.

“ராக்காயி, சீனாக்காரரையும் இழுத்துட்டுப் போ! குனிஞ்சு போகச் சொல்லு, ஆளு அம்புட்டு உசரம்!”

லியாங் ஒன்றும் புரியாமல் ஸ்பானரோடு ராக்காயி பின்னால் ஓடினார்.

ஜீப்பிலிருந்து சாதாரண உடையில் ஒருவர் ஃபைலோடு இறங்கினார்.

“போலீஸ். இங்க சீனாக்காரர் ஒருத்தர் தங்கியிருக்காராமே?”

“சீனாவா? சாத்தூருக்கு அங்கிட்டு உள்ள ஆளே இங்கன கிடையாதுங்கய்யா.”

“கொடியில தொங்குற பேன்ட் யாரோடது? உமக்குக் கழுத்து வரைக்கும் வரும்போல இருக்கே?”

“சோளக்கொல்லைப் பொம்மைக்கு வாங்குனதுங்கய்யா.”

“சாப்பாட்டுத் தட்டுல எதுக்கு ரெண்டு குச்சி?”

“ராக்கெட்டுக்கு வெட்டுன குச்சிங்கய்யா. பிள்ளைக எடுத்து அங்கன போட்டிருக்கும்.”

வந்தவர் தாடையைச் சொறிந்தார். “அப்ப அப்படி ஆளே இங்க இல்லை?”

“எங்க குலசாமி மேல ஆணை. சீனாக்காரரை நான் கண்ணால கண்டதே இல்ல.”

“அதையே எழுதுறேன். கீழே கையெழுத்துப் போடும்.”

கருப்பணன் மீசையைத் தடவிக்கொண்டே நிறுத்தி நிதானமாகப் போட்டுக் கொடுத்தார்.

ஜீப் போனதும் சட்டையெல்லாம் முள்ளோடு லியாங் வெளியே வந்தார். “ஜீப் வருது, ஜீப் வருது!” என்று, தெரிந்த ஒரே தமிழைச் சொல்லிச் சிரித்தார். ராக்காயி அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

“உங்களை விட்டுக் குடுத்துருவோமா சார்!” கருப்பணனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து முதலாளியின் கார் வந்தது. சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு இறங்கினார், வாயெல்லாம் பல்.

“ஏலே கருப்பணா, காரியம் முக்கால்வாசி முடிஞ்சுது! உனக்கு எம்புட்டு நேரம்லே போன் அடிக்கிறது?”

“போனெல்லாம் வாசல் கேட்டுல உள்ள பெட்டியில கிடக்கு மொதலாளி. மருந்து இருக்குற இடத்துக்குக் கொண்டு வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக?”

“சரி விடு. பெர்மிட்டு டைப் அடிச்சு ரெடியா இருக்கு. ஆளு நெசமாவே இங்கனதான் தங்கியிருக்காருன்னு ஒரு ரிப்போர்ட்டு போனாப் போதும், உடனே கையில குடுத்துருவாக. அதுக்குத்தான் ஏட்டையாவை நானே வாடகை ஜீப் பிடிச்சு ஏத்திவிட்டேன். வந்து எழுதிக்கிட்டுப் போயிட்டாராலே?”