ஊஞ்சலில் ஆடுகிறவள்

அன்று பூங்காவில் ஊஞ்சலில் குயிலி, சறுக்குமரத்தடியில் மூன்று பிள்ளைகள், புங்கமரத்தடி பெஞ்சில் செண்பகவல்லி. மூச்சு விட்டது செண்பகவல்லி மட்டும்தான்.

வெறிச்சோடிய பூங்காவுக்குப் போனில் உள்ள வரைபடம் நல்ல மதிப்பெண் தராது. அதனால் எப்போதோ வந்து விளையாடிய பிள்ளைகளின் உருவங்களை ஒளியில் வார்த்து அந்தப் புறநகர் நகராட்சி ஆடவிட்டிருந்தது.

வீட்டிலிருக்கும் நிஜ மகள் குயிலிக்குப் பதின்மூன்று வயது. "தெனம் அந்த ஆறு வயசுக்காரியைத்தானே கொஞ்சப் போற? அவளையே வச்சுக்கோ, நான் ஹாஸ்டலுக்குப் போறேன்" என்று காலையில் பெட்டி கட்டிவிட்டாள்.

'ஊஞ்சலில் ஆடும் என் மகளை அழித்துவிட வேண்டுகிறேன்' என்று நகராட்சிக்கு எழுதி முடித்தாள் செண்பகவல்லி. ஊஞ்சல் நின்றது. உருவம் இறங்கி அருகில் வந்தது.

"யாருக்கும்மா லெட்டர்?"

"உன் ஸ்கூலுக்குத்தான்டி தங்கம். லீவு லெட்டர்."

"ஐ! அப்ப நாளைக்கு முழுக்க விளையாடலாம்!"

நாக்கு உலர்ந்திருந்தது. திரும்பத் திரும்ப நனைத்த பிறகுதான் உறை ஒட்டியது. வாசலில் இருந்த நகராட்சிப் பெட்டிக்குள் போட்டாள்.