ராஜா ஏன் தோத்தாரு?

கல்யாண மேடையேறிய வரலாற்றுப் பேராசிரியர் மாசிலாமணியின் கையில் மொய்க் கவர் இல்லை. மாண்புமிகு பாடத்திட்டக் குழு அனுமதிக்காத ஒரு வார்த்தையை எங்கே சொன்னாலும் வாத்தியாருக்கு வேலை போய்விடும் காலம் அது.

“பொற்கொடி, ரெண்டாம் வருஷத்துல ‘ராஜா ஏன் தோத்தாரு’ன்னு கேட்டியேம்மா? பதிலுக்கு இன்னிக்குத்தான் அனுமதி வந்துச்சு.”

மணப்பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “சொல்லுங்க சார்!”

மேளத்தை நிறுத்தச் சொன்னார். அவர் எழுதி அனுப்பியது முழு அத்தியாயம். குழு வெட்டியதுபோக மிஞ்சியதை, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒப்பித்தார்: “நல்ல கேள்வி.”

“என்னது, ராஜா தோத்தாரா?” என்றான் மாப்பிள்ளை.

மாசிலாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். “விண்ணப்பம் போட்டுடறேன் தம்பி. உங்க பிள்ளை காதுகுத்துக்குள்ள பதில் வந்துடும்.”